துடைத்தால் போகுமா கதிரியக்கம்?

மாணவர்களே, கீரனூரில் உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தை எண்ணிப் பாருங்கள். காலையில் ஒரு வகுப்பினர் கையாண்ட பிப்பெட்டை மாலையில் வேறொரு வகுப்பினர் எடுக்கிறார்கள். முன்னவர்கள் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைக் கழுவாமல் விட்டிருந்தால் ஊதா நிறமே காட்டிக் கொடுத்துவிடும்.

பெரிய ஆய்வுக்கூடங்களில் உயிரியல் சோதனைகளுக்குப் பாஸ்பரஸ்-32 என்ற கதிரியக்க ஐசோடோப்பைப் பயன்படுத்துவதுண்டு. அந்தக் கரைசலில் ஒரு துளி, பலருக்கும் பொதுவான மையவிலக்கி எந்திரத்தில் சிந்திவிட்டதாகக் கொள்வோம். அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. அடுத்து வருபவரின் கையுறையில் ஒட்டிக்கொண்டு கதவுப் பிடி, பேனா, நோட்டு என்று அது ஊர் சுற்றும்!

அதை எப்படிக் கண்டுபிடிப்பது? பாஸ்பரஸ்-32 வீசும் பீட்டாத் துகள்கள் வலிமையானவை. கைகர் எண்ணியை அருகே கொண்டு சென்றால் 'டிக் டிக்' என ஒலிக்கும். டிரிட்டியமோ வேறு வகை. அதன் பீட்டாத் துகள்கள் காற்றில் சில மில்லிமீட்டர் தூரமே செல்லும். எண்ணிக் குழாயின் மெல்லிய சவ்வைக்கூட அவை துளைப்பதில்லை. எண்ணி மௌனமாயிருப்பதை நம்பினால் ஏமாந்து போவோம். எனவே எந்திரத்தை வடிதாளால் துடைத்து, அத்தாளைத் தனித் திரவத்தில் இட்டு, அதில் எழும் நுண்ணிய ஒளித் துடிப்புகளைக் கருவியால் எண்ணுகிறார்கள். யார், எந்நாளில், எந்த ஐசோடோப்பைக் கையாண்டார் என்று எந்திரத்தின் அருகே பதிவேடும் வைக்க வேண்டும். எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தால்தானே சரியான சோதனையைத் தேர்ந்தெடுக்க முடியும்?

சரி, சோப்பு நீரால் கழுவினால் அழிந்துவிடுமா? அழியாது; எந்திரத்தை விட்டுத் துணிக்கு மாறும், அவ்வளவுதான். எந்த அமிலமும் நெருப்பும் அணுக்கருவை அசைக்காது. காலம் ஒன்றே மருந்து. பாஸ்பரஸ்-32இன் அரை ஆயுட்காலம் 14.3 நாட்கள். பத்து அரை ஆயுட்காலம், அதாவது 143 நாட்கள் கழிந்தால் 1024இல் ஒரு பங்கே எஞ்சும். அதுவரை துடைத்த துணியையும் தாளையும் தேதி எழுதி, தடித்த அக்ரிலிக் பெட்டியில் பூட்டி வைப்பார்கள். (ஈயம் ஏன் கூடாது? வேகமான பீட்டாத் துகள்கள் ஈயத்தில் மோதும்போது எக்ஸ் கதிர்கள் எழும்.)

எல்லா ஐசோடோப்புகளும் இப்படி மாதக் கணக்கில் அடங்கிவிடுவதில்லை. டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் கோபால்ட்-60 கொண்ட காமாக் கதிர்க் கருவி ஒன்று இருந்தது. 1985க்குப் பின் அதை எவரும் பயன்படுத்தவில்லை. 2010 பிப்ரவரியில் பழைய பொருளாக அது ஏலம் போயிற்று. உள்ளே இருப்பதை அறியாத மாயாபுரி பழைய இரும்புச் சந்தைத் தொழிலாளர்கள் அதைப் பிரித்தார்கள். மூடிய கூட்டுக்குள் இருந்தவரை எவரையும் தீண்டாத கோபால்ட் வெளியே வந்தது. பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர், ஒருவர் இறந்தார்.

நீங்களே கணக்கிடுங்கள். கோபால்ட்-60இன் அரை ஆயுட்காலம் 5.27 ஆண்டுகள். 1985இல் இருந்த கதிரியக்கத்தில் 2010இல் எஞ்சியது சுமார் 27இல் ஒரு பங்கு. ஓர் உயிரைக் குடிக்க அதுவே போதுமானதாயிற்று.