பழைய போனுக்கு மறுவேலை

கொச்சியில் கொச்சங்காடி, மட்டாஞ்சேரி பக்கம் கடல் ஈரம் வருஷம் முழுக்க உண்டு. அதனால் அலமாரியில் கிடக்கும் பழைய ஸ்மார்ட்போனை எடுத்ததும் சார்ஜரில் மாட்டாதீர்கள். முதலில் சார்ஜ் ஓட்டையை டார்ச் அடித்துப் பாருங்கள்; பச்சை பூத்திருந்தால் கடையில் சுத்தம் செய்ய வேண்டும். திரைக்கும் விளிம்புக்கும் நடுவே இடைவெளி விட்டிருந்தால் பேட்டரி வீங்கியிருக்கலாம். அதை அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும்.

நல்ல நிலையில் இருக்கிறதா? கூகுள் கணக்கை நீக்கிய பிறகே ரீசெட் செய்யுங்கள். இல்லாவிட்டால் பழைய பாஸ்வேர்டு கேட்டு நிற்கும்.

கடை வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பழைய போன் பெரிய உதவி. ஒரே வாட்ஸ்அப் எண்ணை நான்கு கூடுதல் சாதனங்களில் இணைக்கலாம், சிம் வேண்டாம், வைஃபை போதும். ஆர்டர் பார்க்கும் போன் கல்லாவிலேயே இருக்கட்டும். அதற்கு, வாட்ஸ்அப் இன்னும் ஆதரிக்கும் ஆண்ட்ராய்டு பதிப்பு போனில் இருக்க வேண்டும். வாசலைக் கவனிக்கும் கேமராவாகவும் வைக்கலாம். ஆனால் அடுத்த வீட்டு ஜன்னல் படத்தில் விழக்கூடாது. வெயில் படும் இடமும் ஆகாது.

பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன போனில் ஜிபே, வங்கி ஆப் எதுவும் வேண்டவே வேண்டாம். இரவு பகலாகச் சார்ஜில் போட்டு வைப்பதும் தவறு. 80 சதவீதத்தில் பிடுங்கிவிடுங்கள்.

உயிர் போன போனைக் குப்பையில் போடாமல் வீட்டுக்கு வந்து கழிவு சேகரிக்கும் ஹரித கர்ம சேனைக்காரர்கள் வரும்போது மின்கழிவு என்று சொல்லித் தனியாகக் கொடுங்கள்.