மோட்டார் சைக்கிள் பந்தயமும் வேண்டத்தகும் சீர்திருத்தங்களும்

விரைவை விரும்புதல் தமிழர்க்குப் புதிதன்று. வினைமுடித்து மீளும் தலைவன் தேரை விரைந்து செலுத்துமாறு தன் வலவனை வேண்டுதல் அகப்பாட்டுக்களில் பலகாலும் வருவது. ஆயினும் அகநானூற்றின் நான்காம் பாட்டிலே, பூந்தாது உண்ணும் வண்டுகள் அஞ்சிக் கலங்காவண்ணம் தேர்மணியின் நாவினைக் கட்டிக்கொண்டு வருகின்றான் ஒரு தலைவன். விரைவும் வேண்டும், அதனால் உயிர்க்கு ஊறு நேர்தலும் கூடாது என்னும் அவ்வுள்ளமே, இக்காலத்து வலவராகிய மோட்டார் சைக்கிள் வீரரின் பந்தயத்தைப் பற்றி எழுதுமாறு எம்மைத் தூண்டியது.

பூவிருந்தவல்லியைக் கடந்து பெங்களூர்ப் பெருவழியில் மேற்கே செல்வோர், திருப்பெரும்பூதூரை அணுகுமுன்னர் இருங்காட்டுக்கோட்டையைக் காண்பர். சென்னை மோட்டார் விளையாட்டுச் சங்கத்தார் ஆங்கு அமைத்த பந்தயக்களம் 1990ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகின்றது. அதற்கு முன்னர்ப் பந்தயங்கள் சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தின்மீது நிகழ்ந்தன. இப்புதிய களத்தின் ஒரு சுற்று ஏறக்குறைய 3.7 கிலோமீட்டர். இந்தியத் தேசிய மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் கட்டங்கள் பல இங்கே நடைபெற்றுள்ளன. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் பட்டறை ஒலியினூடே வளரும் இளைஞர்க்கு இக்களம் ஒரு கனவாக இருத்தல் இயல்பே. யாமும் இப்பந்தயத்தின் அன்பரே. ஆதலின் பின்வருவனவற்றைப் பகைவர் கூற்றென எண்ணற்க.

2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள், தேசியப் பந்தயத்தின் மூன்றாம் கட்டத்தில், பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் ஒருவன் இக்களத்தில் வண்டியினின்று வீழ்ந்து உயிர் துறந்தான். எஞ்சிய பந்தயங்கள் கைவிடப்பட்டன. அவ்வாண்டு ஜனவரியில் அதே களத்தில் 59 வயதினரான கார்ப்பந்தய வீரர் ஒருவரும் மாண்டார். ஆயினும் முதியவர் தாமே தெரிந்து மேற்கொண்ட இடரும், பிள்ளை ஒருவன் மேற்கொண்ட இடரும் ஒன்றாகா. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, 50 கன சென்டிமீட்டருக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிளைப் பொதுச்சாலையில் ஓட்டுதற்கு 18 வயது நிரம்பல் வேண்டும். சாலையில் ஓட்டவொண்ணாச் சிறுவன் களத்தில் ஓட்டலாமோ என்பதே முதல் வினா.

வீணையும் சிலம்பமும் போல இக்கலையும் இளமையிலேயே பயிலத்தக்கது என்பர் பந்தய அறிஞர். அதனை யாம் மறுக்கிலேம். பயிலுதல் வேறு, போட்டியிடுதல் வேறு என்பதே எம் கருத்து. ஐரோப்பாவில் 2021ஆம் ஆண்டு 14, 15, 19 வயதினரான வீரர் மூவர் தனித்தனிப் பந்தயங்களில் உயிரிழந்தனர். மூவரும் வீழ்ந்தபின்னர்ப் பின்வந்த வண்டிகளால் தாக்குண்டவர் என்பது கருதத்தக்கது. இதன் காரணத்தைச் சற்று நோக்குவோம். இளையோர் பந்தயங்களில் யாவர்க்கும் ஒரே வகை வண்டி கொடுப்பது வழக்கம். பொருளுடையவனும் இல்லாதவனும் நிகராவர் என்பதால் யாமும் அதனைப் பாராட்டி வந்துள்ளோம். ஆனால் விசை ஒத்த சிறு வண்டிகள் ஒன்றையொன்று பிரிந்து செல்ல இயலா. முன்செல்வோன் காற்றைக் கிழிக்க, அவன் பின்னே ஒடுங்கிச் செல்வோன் எளிதில் நெருங்குகின்றான். இருபது வண்டிகள் ஒரு கொத்தாகவே வளைவிற் புகும். நடுவில் ஒருவன் வீழ்ந்தால், பின்வருவோன் எத்துணைத் திறலுடையனாயினும் விலகுதற்கு இடம் ஏது? நீதிக்காக வகுத்த விதியே இடரையும் பெருக்குகின்றது.

உலகப் பந்தயத்தை நடத்துவோர், 2023ஆம் ஆண்டு முதல் வீரர்க்குரிய குறைந்த வயதை, சில விலக்குகளோடு, 18 ஆக உயர்த்தினர். நம் நாட்டுக்கு யாம் விரும்புவதும் அத்தகைய படிமுறையே. 15 வயது நிரம்பாதார் சிறு வண்டிகளை, கார்ட் வண்டி ஓடும் குறுங்களங்களில் மட்டும் ஓட்டுக. அதன் பின்னர் 18 வயது வரை, பெருங்களத்தில் பத்துப் பன்னிருவர் கொண்ட சிறு தொகுதிகளாகப் போட்டியிடுக. இருபத்துநால்வர் வந்தால் பந்தயத்தை இரண்டாகப் பிரித்து, முந்தினோரை மட்டும் இறுதிக்கு அனுப்பலாம். நேரமும் செலவும் மிகும் என்பது மெய்யே. மிகுக!

அடுத்து, புள்ளிக் கணக்கு. இது சிறிதெனத் தோன்றினும், காயமுற்றவனை மீண்டும் வண்டியேற்றுவது பெரும்பாலும் இதுவே. 2013ஆம் ஆண்டு நெதர்லாந்தின் ஆசென் நகரில் ஹோர்ஹே லொரென்சோ என்னும் ஸ்பானிய வீரர் வியாழனன்று காறை எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை பெற்று, சனியன்று பந்தயத்தில் ஓடி ஐந்தாமவராக வந்தார். உலகம் அதனை வீரம் எனப் புகழ்ந்தது. எமக்கோ அது கணக்கின் கொடுமையாகவே தோன்றுகின்றது. அவ்வாண்டுப் பட்டம் 334க்கு 330 என நான்கே புள்ளிகளில் மார்க் மார்க்கெஸைச் சேர்ந்தது; ஒரு கட்டத்தையும் இழக்க ஒண்ணாமையால் அன்றோ லொரென்சோ அவ்வாறு துணிந்தார்?

இதற்கு மருந்து பழைய விதியிலேயே உளது. பார்முலா ஒன் கார்ப்பந்தயத்தில் 1990ஆம் ஆண்டு வரை சிறந்த முடிவுகள் சிலவே கணக்கிற் கொள்ளப்பட்டன. 1988ஆம் ஆண்டு பதினாறு பந்தயங்களுள் பதினொன்றே கொள்ளப்பட்டமையால், மொத்தத்தில் 105 புள்ளி பெற்ற புரோஸ்ட் 87 ஆகக் குறைந்தார். 94 பெற்ற சென்னா 90 உடன் பட்டம் கொண்டார். ஐந்தினைக் கழித்தால் இவ்வாறு குழப்பம் விளையும். ஒன்றினை மட்டும் கழித்தால் விளையாது. ஐந்து கட்டங்கள் உள்ள ஆண்டில் நான்கினைக் கொள்க. கை முறிந்தவன் ஒரு கட்டம் வீட்டிலிருந்து ஆறட்டும். மருத்துவச் சான்று காட்டுவோர்க்கு மட்டும் இச்சலுகை போதும் என்பாரும் உளர். நம் ஊரில் மருத்துவச் சான்று எத்துணை எளிதிற் கிடைக்கும் என்பதை விடுதி மாணவர் நன்கறிவர். எல்லார்க்கும் ஒன்றைக் கழிப்பதே நேரிது.

காண்போரைப் பற்றியும் ஒரு சொல். 2024ஆம் ஆண்டு சென்னைத் தீவுத்திடலைச் சூழ்ந்த சாலைகளில் இரவுக் கார்ப்பந்தயம் நடந்தபோது நகர மாந்தர் பலர் முதன்முறையாக இவ்விளையாட்டைக் கண்டனர். இருங்காட்டுக்கோட்டைக்கும் அத்தகையோர் வருதல் வேண்டும். பந்தய நாட்களில் ஆவடியினின்றும் அம்பத்தூரினின்றும் பூவிருந்தவல்லி வழியாகத் தனிப் பேருந்துகள் விடுக. களத்தில் விதிகளையும் புள்ளிகளையும் தமிழில் அறிவிக்க ஒருவரை அமர்த்துக. அப்பணிக்கு ஆள் கிடைத்திலரேல் எம் வகுப்பிலிருந்தே இருவரை அனுப்புதற்கு யாம் ஒருப்படுகின்றோம்.