எல்லா வாக்கி டாக்கிக்கும் ஒரே அழைப்பு

தொழிற்சாலையில் அம்மோனியா கசிகிறது என்று தெரிந்த பிறகு, கிடங்கு, பாய்லர், வாசல் என்று ஒவ்வொரு குழுவாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்க முடியாது. டிஎம்ஆர் வகை டிஜிட்டல் வாக்கி டாக்கிகளில் இதற்கென்றே 'ஆல் கால்' என்ற வசதி இருக்கிறது. அதை அமைப்பது சுலபம். அது யாரையெல்லாம் எட்டாது என்பதைத்தான் முன்கூட்டியே தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

செட்டைப் புரோகிராமிங் கேபிளில் கம்ப்யூட்டரோடு இணைத்து, அதில் இப்போது இருக்கும் அமைப்பை முதலில் படித்துச் சேமித்து வையுங்கள். பிறகு கான்டாக்ட் பட்டியலில் புதிதாக ஒன்றைச் சேர்த்து, அழைப்பு வகையாக 'ஆல் கால்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலான செட்டுகளில் 16777215 என்ற எண் தானாகவே வந்து விழும். சாதாரணக் குழு எண்கள் 16776415-உடன் முடிந்துவிடுவதால் இரண்டும் மோதாது.

இந்தக் கான்டாக்டைத் தனிச் சேனலில் வைப்பவர்கள் உண்டு. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். குமிழை அந்தச் சேனலிலேயே விட்டுவிட்டால், டீ வந்ததா என்ற பேச்சுகூட எல்லார் காதிலும் விழும். பக்கவாட்டில் இருக்கும் பட்டன் ஒன்றுக்கு ஒதுக்குவதே நல்லது. அந்தப் பட்டனை அழுத்திவிட்டு, பேசும் பட்டனைப் பிடித்துப் பேச வேண்டும். கட்டுப்பாட்டு அறைக்கும் ஷிப்ட் பொறுப்பாளருக்கும் மட்டும் இந்த வசதியைக் கொடுங்கள்.

இனி, 'எல்லாரும்' என்றால் யார்? டிஎம்ஆரில் 12.5 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு சேனல் இரண்டு டைம் ஸ்லாட்டாகப் பிரிகிறது. இரண்டிலும் தனித்தனிப் பேச்சு ஓடும். உங்கள் ஆல் கால் அதில் ஒரு ஸ்லாட்டில்தான் போகும். அதிர்வெண், 0 முதல் 15 வரையுள்ள கலர் கோடு, ஸ்லாட் மூன்றும் ஒத்துப்போகும் செட்டுகளில் மட்டுமே அது கேட்கும். சாதாரணக் குழு அழைப்பைப் போல, கேட்கும் குழுக்களின் பட்டியலில் இதைச் சேர்க்கத் தேவையில்லை. ஆனால் காவலர்கள் முதல் ஸ்லாட்டிலும் பராமரிப்புக்காரர்கள் இரண்டாவதிலும் இருந்தால், ஒரு தரப்புக்கு எதுவுமே தெரியாது. அப்படியானால் இரண்டாவது ஸ்லாட்டுக்கு மாறி அதே செய்தியை மறுபடி சொல்லியே ஆக வேண்டும். எந்தக் குழு எந்த ஸ்லாட்டில் இருக்கிறது என்பதை எழுதிக் கட்டுப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டுங்கள்.

பேசும் முறையும் முக்கியம். பேசும் பட்டனை அழுத்தியதும், பேசலாம் என்கிற 'பீப்' ஒலி வரும்வரை பொறுங்கள். முந்திக்கொண்டால் முதல் சொற்கள் போய்விடும், பெரும்பாலும் இடத்தின் பெயர்தான் அதில் அடிபடும். சேனலில் வேறு பேச்சு ஓடினால், செட்டின் அமைப்பைப் பொறுத்து அனுமதி மறுக்கும் ஒலி வரலாம். அந்தப் பேச்சு முடிந்ததும் உடனே அழுத்துங்கள். எங்கே, என்ன, யார் எங்கே போக வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னால் போதும். ஒரு நிமிடத்தில் தானாகத் துண்டிக்கும்படி பல செட்டுகளில் வைத்திருப்பார்கள், அதற்குள் முடித்துவிடுங்கள்.

இது ஒருவழி அறிவிப்பு. கேட்டவர் பதிலுக்குப் பட்டனை அழுத்தினால், அது அவருடைய வழக்கமான குழுவுக்குத்தான் போகும். ஆகவே அறிவித்த கையோடு ஒவ்வொரு குழுவையும் கூப்பிட்டு, "வாசல், கேட்டதா?" என்று பதில் வாங்குங்கள். பதில் வராத இடத்துக்கு ஆள் அனுப்புங்கள்.

வாரம் ஒருமுறை ஷிப்ட் மாறும் நேரத்தில் "இது சோதனை" என்று சொல்லி இதை நடத்திப் பாருங்கள். புது செட்டு வாங்கினாலும், பழுது பார்த்து வந்தாலும், ஆளிடம் கொடுப்பதற்கு முன் அதில் ஆல் கால் கேட்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.