உறக்கத்தில் ஓயாத கால்கள்

பொம்மிடியில் நாமறிந்த முதியவர் ஒருவர், நடுக்குவாதம் எனும் பார்க்கின்சன் நோயுற்றவர், இரவெல்லாம் திண்ணையில் நடப்பார். மூப்பின் பிடிவாதம் என்றனர் வீட்டார். பிடிவாதமன்று அது. படுத்தவுடன் காலுக்குள் ஏதோ ஊர்வதுபோன்ற உணர்வு. எழுந்து நடந்தால் தணியும். 1945இல் சுவீடன் நாட்டு மருத்துவர் எக்போம் விரித்துரைத்த நோய் இதுவே. உறங்கியபின் ஏறத்தாழ அரை நிமிடத்திற்கொருமுறை கால் வெட்டியிழுப்பது வேறொன்று. அதை நோயுற்றவர் அறியார், அருகில் துயிலும் மனைவியே அறிவார். ஆதலின் மருத்துவரிடம் அவ்வம்மையாரும் உடன்செல்ல வேண்டும்.

மாலையில் உண்ட மருந்தின் வலு நள்ளிரவில் குன்றுவதும், குருதியில் இரும்புச்சத்துக் குறைவதும் இத்தொல்லையைப் பெருக்கும். இரும்பின் குறைவைக் குருதிச் சோதனை காட்டிவிடும்.

இந்நோய்க்குரிய மருந்தாகிய லெவோடோபாவை 1937இல் சென்னையில் தாமோதரனும் இராமசாமியும் பூனைக்காலி விதையினின்று பிரித்தெடுத்தனர் என்பது நமக்குப் பெருமையே. அதற்காக விதைப்பொடியை மாத்திரையோடு தாமே கூட்டியுண்ணுதல் தகாது; அளவு மிகுந்தால் கைகால்கள் தம் வயமிழந்து ஆடத் தொடங்கும்.