சக்கர நாற்காலியும் கூட வரட்டும்



இந்த மாதப் பாடம் சேமிப்பைப் பற்றியது இல்லை, கடனைப் பற்றியதும் இல்லை. நம்மில் பலர் வீட்டுத் திண்ணையில் நிற்கிற சக்கர நாற்காலியைப் பற்றியது. அதை ஒரு சின்ன காரில் எப்படி ஏற்றிக்கொண்டு போவது? "இதுல என்ன இருக்கு, டிரைவர் பாத்துக்குவாரு" என்று தோன்றும். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

எங்கள் குழுவில் நடந்தது

எங்கள் குழு உறுப்பினர் ஒருவரின் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போக வாடகைக்கு ஒரு சின்ன கார் பிடித்தோம். டிக்கியைத் திறந்தால் உள்ளே கேஸ் சிலிண்டர். "நாற்காலிக்கு இடமில்லக்கா, ஆஸ்பத்திரியிலயே வீல்சேர் இருக்கும்" என்றார் டிரைவர். நம்பி, நாற்காலியை வீட்டிலேயே விட்டுப் போனோம்.

அங்கே இருந்த வீல்சேர்களில் எல்லாம் வேறு நோயாளிகள். அம்மாவை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி ஒரு பெஞ்சில் உட்கார வைத்தோம். சாயங்காலம் வரை அதே பெஞ்சுதான். மருமகள் தண்ணி பாட்டிலை நீட்டியபோதெல்லாம் "வேணாம்" என்று தலையாட்டினார். வீட்டுக்குத் திரும்பும்போதுதான் சொன்னார்: "தண்ணி குடிச்சா கக்கூசுக்குப் போகணும். நாலு பேர் பாக்க என்னைத் தூக்கிட்டுப் போவீங்க. அதான் குடிக்கல."

எங்களுக்குப் பேச்சே வரவில்லை. நாற்காலியை விட்டுவிட்டுப் போனால் மனுஷியை மூட்டை மாதிரி தூக்கத்தான் வேண்டியிருக்கிறது. அடுத்த கூட்டத்திலேயே இதைப் பேசி, செய்தும் பார்த்தோம். கற்றுக்கொண்டதை உங்களுக்கும் சொல்கிறோம்.

1. முதலில் அளக்கணும்

மடக்குகிற இரும்பு நாற்காலி சுமார் 15 முதல் 20 கிலோ வரை இருக்கும். 25 கிலோ அரிசிச் சிப்பத்தைவிடக் கொஞ்சம்தான் குறைவு. அலுமினியம் என்றால் இன்னும் லேசு. மடக்கினால் அகலம் ஒரு அடிக்குள் அடங்கிவிடும். ஆனால் உயரமும் நீளமும் குறையாது. பெரிய சக்கரமே பொதுவாக 24 அங்குலம்.

தையல் டேப்பால் நாற்காலியை மடக்கி வைத்து நீளம், உயரம், கனம் மூன்றையும் அளந்து ஒரு சீட்டில் எழுதி நாற்காலியிலேயே ஒட்டி வையுங்கள். கார் பேசும்போதே கேட்க வேண்டியது மூன்று: டிக்கியில் கேஸ் சிலிண்டர் இருக்கா? பின் சீட்டு மடங்குமா? மேலே கேரியர் இருக்கா? வண்டி வாசலுக்கு வந்த பிறகு கேட்டால் நாற்காலிதான் வீட்டில் நிற்கும்.

2. ஆள் முதலில், நாற்காலி பிறகு

காரில் ஏறும்போது ஆள் முதலில். இறங்கும்போது நாற்காலி முதலில்.

ஏற்றுவதற்கு முன்பக்க இடது சீட்டுதான் நல்லது. கதவு அகலமாகத் திறக்கும், சீட்டைப் பின்னால் தள்ளவும் முடியும். நாற்காலியைச் சீட்டுக்குப் பக்கத்தில் கொஞ்சம் சாய்வாக நிறுத்தி, இரண்டு பிரேக்கையும் போடுங்கள். கால் வைக்கும் பலகையை மேலே தூக்கிவிடுங்கள். பக்கவாதம் வந்தவர் என்றால் நல்ல பக்கம் கார் பக்கமாக இருந்தால் ஏறுவது சுலபம். முதலில் இடுப்பு சீட்டில் உட்காரணும். பிறகு தலை இடிக்காமல் பார்த்து, கடைசியில் கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வையுங்கள்.

விழுந்துபோன கையைப் பிடித்து ஒருபோதும் இழுக்காதீர்கள். தோள்மூட்டு நழுவிவிடும். இடுப்பைச் சுற்றித்தான் பிடிக்கணும். பல சின்ன கார்களில் சீட்டு நாற்காலியைவிடத் தாழ்வாக இருக்கும். அதனால் ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம். இறங்கும்போது இரண்டு பேர் வேணும்.

3. மடக்குவதும் தூக்குவதும்

மெத்தையை எடுத்துவிட்டு, உட்காரும் துணியின் நடுப்பகுதியை முன்னாலும் பின்னாலும் பிடித்து மேலே இழுத்தால் நாற்காலி மடங்கும். விரிக்கும்போது இரண்டு ஓரக் கம்பியையும் உள்ளங்கையால் கீழே அழுத்துங்கள். விரல்களைக் கம்பிக்கு வெளியே விடாதீர்கள், நசுங்கிவிடும்.

தூக்கும்போது கை வைக்கும் கட்டையையோ கால் பலகையையோ பிடிக்கக் கூடாது. கழன்று கையோடு வரும். ஒருவர் பின்பக்கக் கைப்பிடியிலும், இன்னொருவர் முன்பக்கக் கம்பியிலும் பிடியுங்கள். முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி, உடம்போடு ஒட்டித் தூக்குங்கள். குடம் தூக்கித் தூக்கி ஏற்கெனவே இடுப்பு வலியில் இருக்கிறோம், இதிலும் சேர்த்துக்கொள்ள வேண்டாம்.

4. எங்கே வைப்பது?

டிக்கி: கால் பலகை கழலும் நாற்காலி என்றால் கழற்றிவிட்டால் நீளம் குறையும். அப்போதும் போகாவிட்டால் பின் சீட்டின் முதுகை மடக்கி இடம் செய்யலாம்.

பின் சீட்டு: மடக்கிய நாற்காலியைச் சீட்டின் மேல் நிறுத்தி, சீட் பெல்ட்டை அதன் சட்டத்துக்குள் நுழைத்துப் பூட்டுங்கள். சும்மா வைத்தால் திடீர் பிரேக்கில் முன்னால் இருப்பவர் தலையில் வந்து மோதும்.

மேல் கேரியர்: படுக்க வைத்து, சட்டத்தில் நாலு இடத்தில் கயிறு கட்டணும். சக்கரக் கம்பியில் கட்டினால் வளைந்துவிடும். மெத்தை, கால் பலகை எல்லாம் காருக்குள் இருக்கட்டும். ஐந்து கிலோமீட்டர் போனதும் நிறுத்தி முடிச்சைப் பாருங்கள்.

டிக்கியைத் திறந்தபடி நாற்காலியை வெளியே தொங்கவிட்டு ஓட்டக் கூடாது. பின் விளக்கும் நம்பர் பிளேட்டும் மறைந்துவிடும்.

பேட்டரி நாற்காலியோ பேட்டரி ஸ்கூட்டரோ என்றால், நாம் இரண்டு பேர் தூக்கும் கனம் இல்லை. சுவிட்சை அணைத்து, பேட்டரி கழலும் வகையாக இருந்தால் கழற்றி, பலகை போட்டு 'குட்டி யானை' வண்டியில் ஏற்றிக் கட்டி அனுப்பலாம். ஆனால் ஆளை அதிலேயே உட்கார வைத்து அனுப்பாதீர்கள். ஆள் காரில்தான் வரணும்.

5. நாற்காலி இல்லாதவர்களுக்கு

மாற்றுத்திறனாளி அடையாள அட்டையோடு உங்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுங்கள். ஒன்றிய அரசின் அலிம்கோ நிறுவனம் மூலம் நடக்கும் முகாம்களிலும் நாற்காலி கிடைக்கிறது. வாங்கும்போதே "மடங்குமா? கால் பலகை கழலுமா?" என்று கேளுங்கள். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் போக்குவரத்து வசதிக்கும் இடம் உண்டு. இது சலுகை இல்லை, உரிமை.

அடுத்த மாதம்

அதே அம்மாவை அடுத்த மாதம் அழைத்துப் போனோம். முன்கூட்டியே கேட்டு, கேரியர் உள்ள காராகப் பிடித்தோம். ஆஸ்பத்திரி வாசலில் நாற்காலியை இறக்கி விரித்தபோது, முடிச்சை அவிழ்த்த மருமகளைப் பார்த்து அவரே சொன்னார்: "முதல்ல ஒரு டீ வாங்கித் தாடி."

குழுவில் பேசுவோம்

* நம் குழு வீடுகளில் நடக்க முடியாதவர்கள் எத்தனை பேர்? அவர்கள் கடைசியாக எப்போது வெளியே போனார்கள்?
* வெளியே போகும்போது நாற்காலியும் கூடப் போனதா? இல்லையென்றால் ஏன்?
* நம் ஊர் வாடகை வண்டிகளில் எதில் நாற்காலி ஏறும்? டிரைவர் போன் நம்பரோடு குழு நோட்டில் எழுதி வைப்போமா?
* அடுத்த கூட்டத்தில் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து, எல்லோரும் ஒருமுறை மடக்கி, விரித்து, தூக்கிப் பார்ப்போமா?