கொய்யாப் பழமும் சுருள்பாசியும்

முன்னுரை

"நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்" என்பது ஆன்றோர் வாக்கு. அச்செல்வத்தைக் காப்பதில் உணவுக்கே முதலிடம். நம் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் கிராமங்களில் பல வீட்டுக் கொல்லைகளில் கொய்யா மரம் நிற்கிறது. பழம் உதிர்ந்தால் அணில் தின்னும், நாம் கவனிப்பதில்லை. மருந்துக் கடைகளிலோ, "சத்துகளின் சுரங்கம்" என்ற விளம்பரத்துடன் சுருள்பாசி மாத்திரையும் பொடியும் விலைக்கு வருகின்றன. இவ்விரண்டில் எது சிறந்தது? பத்தாம் வகுப்பு மாணவிகளாகிய நாங்கள் இக்கேள்விக்கு விடை தேடினோம். தோழிகளே, அதனை உங்களுடன் பகிர்ந்துகொள்கிறோம்.

கொய்யா

கொய்யாவின் தாயகம் அமெரிக்காவின் வெப்ப நாடுகள். போர்த்துக்கீசியர் வழியாக நம் நாட்டுக்கு வந்தது என்பர். நாவலும் கிராம்பும் இதன் குடும்பத்தைச் சேர்ந்தவை. அதிகப் பராமரிப்பு இன்றி வளர்ந்து பலன் தரும் மரம் இது. பழத்தின் எடையில் நூற்றுக்கு எண்பது பங்கு நீரே. எஞ்சிய இருபது பங்கில் நார்ச்சத்தும் சர்க்கரையும் வைட்டமின்களும் உள்ளன.

சுருள்பாசி

சுருள்பாசியை "ஸ்பைருலினா" என்றும் அழைப்பர். நுண்ணோக்கியில் பார்த்தால் சுருள் கம்பி போலத் தோன்றும், அதனால் இப்பெயர். நீலப்பச்சைப் பாசி என்று வழக்கில் சொன்னாலும், அறிவியலார் இதனைப் பாக்டீரியா இனத்திலேயே சேர்க்கின்றனர். மெக்சிகோவின் அஸ்டெக் மக்கள் டெஸ்கோகோ ஏரியிலிருந்து இதனை வடித்து உண்டனர். ஆப்பிரிக்காவில் சாட் ஏரிக்கரையில் வாழும் கானெம்பு இனப் பெண்கள் இதனைத் துணியில் வடித்து, வெயிலில் அடைபோல் உலர்த்திக் குழம்பில் சேர்க்கின்றனர்.

தமிழகத்தில் சென்னை முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையம், டாக்டர் சி. வி. சேஷாத்ரியின் தலைமையில், கிராமத்து மக்களும் வளர்க்கும் வகையில் இதனை எளிமைப்படுத்த உழைத்தது. நமக்கு அருகிலுள்ள ஆரோவில்லிலும் சுருள்பாசிப் பண்ணை உண்டு. சமையல் சோடா முதலிய உப்புகள் கலந்த காரத்தன்மையுள்ள நீரில், நல்ல வெயிலில் இது செழிக்கும். அந்த நீரில் வேறு பல உயிர்கள் வளர இயலாது.

இங்கே ஓர் எச்சரிக்கை! நம் ஏரி, குளங்களில் மிதக்கும் பச்சைப் பாசி எல்லாம் சுருள்பாசி ஆகாது. தேங்கிய நீரில் வளரும் சில நீலப்பச்சைப் பாசிகள் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சை உண்டாக்குபவை. அவற்றை எவரும் உண்ணலாகாது.

நூறு கிராமுக்கு நூறு கிராம்

உணவுச் சத்து அட்டவணைகளின்படி, நூறு கிராம் அளவில் இரண்டும் ஏறக்குறைய இவ்வாறு உள்ளன:

புரதம்: கொய்யா 2.5 கிராம், உலர்ந்த சுருள்பாசி 57 கிராம்.
இரும்பு: கொய்யா 0.3 மில்லிகிராம், சுருள்பாசி 28 மில்லிகிராம்.
வைட்டமின் சி: கொய்யா 200 மில்லிகிராமுக்கு மேல், சுருள்பாசி 10 மில்லிகிராம்.
நார்ச்சத்து: கொய்யா 5 கிராம், சுருள்பாசி 3.6 கிராம்.

இதைப் பார்த்தவுடன், "புரதத்திலும் இரும்பிலும் பாசியே வென்றது" என்று எங்களுள் பலர் கூறினர். ஆனால் ஒரு தோழி, "நூறு கிராம் பாசியை யார் தின்பார்?" என்று கேட்டாள். அக்கேள்விதான் எங்கள் கண்களைத் திறந்தது.

ஒரு பழமும் ஒரு கரண்டியும்

நூறு கிராம் கொய்யா என்பது ஒரு நடுத்தரப் பழம். ஒரே மூச்சில் தின்றுவிடலாம். சுருள்பாசியோ நீர் வற்றிய பொடி. ஆய்வகத் தராசில் ஒரு தேக்கரண்டிப் பொடியைத் தலைதட்டி நிறுத்தோம். ஏறக்குறைய 2½ கிராம் இருந்தது. மணமும் சுவையும் பச்சை வாடையாக இருப்பதால் அதற்கு மேல் உண்பது எளிதன்று.

இப்போது கணக்கிடுவோம். அந்த ஒரு கரண்டியில் புரதம் சுமார் 1.4 கிராம், இரும்பு 0.7 மில்லிகிராம், வைட்டமின் சி இல்லை என்றே சொல்லலாம். ஒரு கொய்யாவில் புரதம் 2.5 கிராம்! விளம்பரத்தில் புரத மலையாகத் தோன்றிய பாசி, கரண்டியில் வந்தபோது கொய்யாவுக்குக் கீழே இறங்கிவிட்டது. இரும்பில் மட்டும் பாசி சற்று முந்துகிறது. ஆயினும் நம் வயதுப் பெண்களுக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வரையறுத்துள்ளது. 30 எங்கே, 0.7 எங்கே?

பாசியால் பயனே இல்லை என்பதன்று இதன் பொருள். வைட்டமின் ஏ ஆக மாறும் கரோட்டின் அதில் மிகுதி. ஆகையால்தான் 1990-களின் தொடக்கத்தில் மேற்சொன்ன ஆராய்ச்சி மையம், புதுக்கோட்டை மாவட்டத்துச் சிறு குழந்தைகளுக்கு நாள்தோறும் ஒரு கிராம் அளவில் சுருள்பாசி கொடுத்து, வைட்டமின் ஏ குறைவால் கண்ணில் தோன்றும் புள்ளிகள் குறைகின்றனவா என்று ஆராய்ந்தது. ஆனால் அதிலுள்ள பி12 பெரும்பாலும் நம் உடலுக்குப் பயன்படாத வகை என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும்.

கொய்யா செய்யும் பேருதவி

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுடைய பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை உள்ளது. ஒரு வரிசையில் பத்துப் பேர் நின்றால் ஆறு பேர்! காலை வழிபாட்டில் மயங்கி விழுவதும், படிக்கும்போது களைத்துப்போவதும், படியேறினால் மூச்சு வாங்குவதும் இதனால் நேரலாம்.

நாம் உண்ணும் கீரை, கேழ்வரகு, பயறு ஆகியவற்றில் இரும்பு உண்டு. எனினும் தாவர உணவின் இரும்பைக் குடல் எளிதில் உறிஞ்சுவதில்லை. வைட்டமின் சி உடனிருந்தால் அது நன்கு கரைந்து இரத்தத்தில் சேரும். சுருள்பாசியின் இரும்புக்கும் இது பொருந்தும். எனவே கொய்யாவிடம் இரும்பு இல்லாவிட்டாலும், பிற உணவிலுள்ள இரும்புக்கு அது கதவைத் திறந்துவிடுகிறது.

நாம் செய்ய வேண்டியவை

1. கொய்யாவை மதிய உணவுடன் அல்லது உண்டவுடன் தின்ன வேண்டும்.
2. வேகவைக்கலாகாது, நறுக்கி நெடுநேரம் வைக்கலாகாது. வைட்டமின் சி வெப்பத்தாலும் காற்றாலும் அழியும்.
3. உணவோடு தேநீரோ காப்பியோ பருகலாகாது. அவை இரும்பை உடலில் சேரவிடா.
4. சுருள்பாசி வாங்குவோர் நம்பகமான பண்ணையிலிருந்தே வாங்க வேண்டும்.
5. வளரிளம் பருவத்தினருக்கு வாரம் ஒன்றாக அரசுத் திட்டத்தில் வழங்கும் நீல நிற இரும்பு மாத்திரையைத் தூக்கி எறியலாகாது. இரத்தசோகை கண்டவர்களுக்குப் பழமும் பாசியும் மட்டும் போதா. மருத்துவரைக் காண வேண்டும்.

முடிவுரை

உணவின் மதிப்பை அட்டவணையின் பெரிய எண்ணைக் கொண்டு அளப்பதைவிட, நம் தட்டில் விழும் அளவைக் கொண்டு அளப்பதே சரி. வசதியுள்ளோர் பாசியை உண்ணட்டும், தவறில்லை. அதை வாங்க இயலாத வீட்டுப் பெண்ணும் மனம் தளர வேண்டாம். கீரைச் சோறும் கொல்லைக் கொய்யாவும் அவளுக்குக் கைகொடுக்கும். தோழிகளே, இனி அணிலுக்கு ஒரு பழம் விட்டுவிட்டு மற்றவற்றை நாம் பறித்துக்கொள்வோம்!