துணையை அறியும் இழைகள்

கன்னட நாட்டில் ஊர்ப்பெயரைத் தம் பெயருக்கு முன்னே தாங்குவோர் பலர். மைசூர் அனந்தமூர்த்தி விசுவாமித்திரரும் அவர்களுள் ஒருவர். இன்று மைசூரு என வழங்கும் ஊரே அவர் பெயரில் உள்ளது. பெங்களூருவின் இந்திய அறிவியல் கழகத்தில் படிகங்களை ஆராய்ந்த இவர், டி.என்.ஏ. இழைகள் ஒன்றையொன்று எவ்வாறு இனங்காண்கின்றன என்று ஆய்ந்தார்.

டி.என்.ஏ. இழையில் அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்னும் நான்கு காரங்கள் எழுத்துகளைப் போல வரிசையாக அமைந்துள்ளன. எதிரெதிர்த் திசையில் செல்லும் இரண்டு இழைகளில், அடினின் தைமினோடும் குவானின் சைட்டோசினோடும் சேரும் என 1953-ஆம் ஆண்டில் வாட்சனும் கிரிக்கும் கூறினர். முதல் இணையை இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகளும் மற்றதை மூன்றும் பிணைக்கின்றன. தனித்து நோக்கின் இவை மெலிந்த பிணைப்புகளே. பல கூடியே இழைகளைப் பிரியாமல் நிறுத்துகின்றன. பொருந்தாத காரம் எதிரே வரின் பிடிப்புத் தளரும்.

ஆயினும் வாட்சனும் கிரிக்கும் தந்தது ஒரு மாதிரியே. டி.என்.ஏ. நாரின் எக்ஸ்-கதிர்ப் படங்களில் அணுக்கள் தனித்தனியே தெரியவில்லை. மேலும், 1959-இல் ஹூக்ஸ்டீன் என்பவர் அடினினையும் தைமினையும் ஒத்த இரு சிறு பொருள்களைச் சேர்த்துப் படிகமாக்கினார். அவை வேறொரு முறையில் கைகோத்திருந்தன! மாதிரி பிழையானதோ? 1973-இல் ஆர்.என்.ஏ. துண்டுகளில் வாட்சனும் கிரிக்கும் சொன்ன இணைப்பே காணப்பட்டது. எனினும் டி.என்.ஏ.வை நேரில் கண்டாலன்றி ஐயம் முற்றும் தீராது.

விசுவாமித்திரரும் கேம்பிரிட்ஜ் அறிஞர் ஓல்கா கென்னார்டும் பிறரும் அடினின், தைமின், அடினின், தைமின் என நான்கே காரங்கள் கொண்ட இழையைப் படிகமாக்கி ஆராய்ந்து, 1978-இல் முடிவை வெளியிட்டனர். இதன் துணை இழையை எதிர்த்திசையில் படித்தாலும் அதே வரிசை வரும். 'விகடகவி' என்னும் சொல் நினைவுக்கு வரலாம். ஆகவே இரண்டு இழைகள் முழுமையாக எதிரெதிரே பொருந்தியிருக்கும் என்றே எவரும் எண்ணுவர். படிகத்திலோ ஒவ்வோர் இழையும் தன் ஒரு பாதியை ஓர் அண்டை இழையோடும் மறு பாதியை வேறோர் இழையோடும் இணைத்திருந்தது. வட்டமாக நிற்கும் சிறுவர் இருபுறமும் கைபற்றுவது போன்றது அது. ஆனால் பற்றிய முறை வாட்சனும் கிரிக்கும் சொன்னதே.

எதிர்பாராத செய்தி ஒன்றும் கிடைத்தது. அடினினைத் தாங்கிய சர்க்கரை ஒரு வடிவிலும் தைமினைத் தாங்கியது வேறொரு வடிவிலும் மாறி மாறி இருந்தன. எழுத்துகளின் வரிசைக்கேற்ப இழையின் உருவமும் மாறக்கூடும் என்பது இதனால் புலனாயிற்று. மறு ஆண்டே ஆரன் குளுக் இவர்களோடும் வேறு சிலரோடும் சேர்ந்து, புரதங்கள் தமக்குரிய இடத்தை டி.என்.ஏ.வில் கண்டறிய இவ்வுருவ வேறுபாடு உதவலாம் என்னும் கருதுகோளை முன்வைத்தார்.

பயிற்சி
1. ஹூக்ஸ்டீனின் ஆய்வு எழுப்பிய ஐயம் யாது?
2. நான்கு காரங்கள் கொண்ட இழைகள் படிகத்தில் இணைந்திருந்த முறையைப் படம் வரைந்து விளக்குக.